உணரிகளும் நமது உழைப்பின் விலையும்

நிலக்கடலை விளைவிக்கும் ஒவ்வொருவரும் அறிந்த செயல் ஒன்று உண்டு. களத்திலே காயும் காய்களில் ஒரு பிடி அள்ளிக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார்கள். ஓட்டினுள்ளே பருப்பு கலகலவென்று ஒலித்தால் காய் உலர்ந்தது; ஒலி மந்தமாயின் இன்னும் ஒரு வெயில் காட்டவேண்டும். ஆரணியிலே பட்டு நெய்பவர் பாவின்மீது உள்ளங்கையை ஓட்டி, எந்த இடத்தில் இழுப்பு தளர்ந்திருக்கிறதென்று கண்ணால் பாராமலே சொல்லிவிடுவார். நெல் வியாபாரி ஒரு மணியைப் பல்லிடையே வைத்துக் கடித்துப் பார்ப்பார். காதும் கையும் பல்லும் இவர்களுக்குக் கருவிகள். பரம்பரையாக வந்த இவ்வறிவைக் குறைவாக மதிப்பிடுவோர் விவரம் அறியாதவரே.

ஆயினும் இதில் ஒரு சங்கடம் உண்டு. விற்பவர் காதுக்குக் கேட்கும் கலகலப்பு வாங்குபவர் காதுக்குக் கேட்பதில்லை. விற்பவர் பல்லுக்கு உலர்ந்த நெல், வாங்குபவர் பல்லுக்கு ஈரமாகப் படுகிறது. இருவரில் எவர் சொல் நிற்கும் என்பது அறிவைப் பொறுத்ததன்று. எவருக்கு அவசரம் என்பதைப் பொறுத்தது. அறுவடை முடிந்து கடன் தவணை நெருங்கி நிற்கும் விவசாயிக்கே எப்போதும் அவசரம். இருவருக்கும் பொதுவான ஒரு சாட்சி வேண்டும் என்ற தேவையே அளக்கும் கருவிகளைக் கொள்முதல் இடங்களுக்கும் சங்கங்களுக்கும் கொண்டுவந்தது.

அக்கருவிகளின் உயிர்நாடியாக விளங்குவதே உணரி. சென்சார் என்று பலரும் வழங்குவது இதனையே. வெப்பம், ஈரம், எடை, ஒளி, அழுத்தம் முதலியவற்றில் ஒன்றை ஏற்று, அதனை நாம் படிக்கத்தக்க வேறொன்றாக, பெரும்பாலும் மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வாக, மாற்றித் தருவது உணரி. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயில் வெப்பம் பாதரசத்தின் உயரமாக மாறுகிறதல்லவா? அதுவும் ஒரு வகையில் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இன்றைய உணரி அவ்வுயரத்துக்குப் பதிலாக ஒரு மின்குறியைத் தருகிறது. அது எண்ணாகிப் பலகையில் ஒளிர்கிறது.

இங்கே நம் அங்கத்தினர் அனைவரும் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஈரப்பதம் காட்டும் மீட்டர் ஈரத்தை அளப்பதில்லை. அது மின்சாரத்தின் ஒரு குணத்தை அளக்கிறது; அதற்கு இவ்வளவு ஈரம் என்று ஓர் அட்டவணையைப் பார்த்துச் சொல்லுகிறது. அவ்வட்டவணை கருவியைச் செய்தவர் உள்ளே பதித்து வைத்தது. அட்டவணை நம் நெல்லுக்குப் பொருந்தினால் எண் மெய். பொருந்தாவிடில் எண் வெறும் எண்.

இதை விளக்கமாகப் பார்ப்போம். இரண்டு உலோகத் தட்டுகளை எதிரெதிரே நிறுத்தி மின்சாரத்துடன் இணைத்தால் அவை ஓரளவு மின்னூட்டத்தைத் தம்மிடம் தேக்கிக்கொள்ளும். இடையில் காற்று மட்டும் இருக்கையில் தேங்கும் அளவை ஒன்று என்று கொண்டால், உலர்ந்த தானியம் இருக்கையில் அது சில மடங்காகும். நீர் இருந்தாலோ ஏறத்தாழ எண்பது மடங்காகும். ஆகவே, தட்டுகளுக்கிடையே நெல்லைக் கொட்டினால், அதில் ஒளிந்துள்ள நீர் சிறிது கூடினாலும் தேங்கும் மின்னூட்டம் தெரியும்படி கூடிவிடுகிறது. கொள்முதல் இடங்களில் காணும் கிண்ண வடிவ மீட்டர்கள் பல இத்தத்துவத்தில் இயங்குபவை. வேறு சில, தானியத்தைத் திருகி அழுத்தி அதனூடே மின்சாரம் எவ்வளவு எளிதாகச் செல்லுகிறதென்று பார்ப்பவை. ஈரம் மிகுந்தால் மின்சாரம் எளிதிற் செல்லும்.

தட்டுகளுக்கிடையே உள்ள நீரின் அளவே கணக்கு என்பதால், தானியத்தைக் கிண்ணத்தில் எப்படி நிரப்புகிறோம் என்பதும் கணக்கில் வந்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கொள்முதல் இடத்தில் நான் நேரிற் கண்டதைச் சொல்லுகிறேன். ஒரே குவியல், ஒரே மீட்டர். முதல்முறை கிண்ணத்தில் நெல்லைத் தானாக விழவிட்டு நிரப்பினார்கள். எண் பதினேழுக்குக் கீழே நின்றது. விவசாயியின் முகம் மலர்ந்தது. ‘இன்னொரு முறை பார்ப்போம்’ என்று சொன்ன பணியாளர், இம்முறை கிண்ணத்தை மேசைமீது தட்டித் தட்டி நிரப்பினார். எண் பதினெட்டைத் தாண்டிற்று. அதிக மணிகள் அடைந்தன. அதனால் அதிக நீர் தட்டுகளுக்கிடையே வந்தது. நெல்லில் ஈரம் ஏறவில்லை. பணியாளர் வஞ்சகம் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். நன்றாக நிரப்பவேண்டும் என்ற ஆர்வமாகவும் இருக்கலாம். ஆனால் அன்று அந்த விவசாயி மூட்டைகளைத் திரும்ப வண்டியில் ஏற்றிச் சென்றார்.

அரசின் நேரடி நெல் கொள்முதலுக்கு 17 சதவிகித ஈரம் என்பது வரம்பு. பருவம் தவறி மழை பெய்த காலங்களில், தமிழ்நாட்டின் வேண்டுகோளை ஏற்று மத்திய அரசு இவ்வரம்பை 2022-இல் 19 சதவிகிதமாகவும் 2023-இல் 20 சதவிகிதமாகவும் தளர்த்தியதுண்டு. ஓர் எண் எத்தனை குடும்பங்களின் அடுப்பைத் தொடுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இந்தச் சதவிகிதக் கணக்கைச் சிலர் தவறாகப் போடுகிறார்கள். 20 சதவிகித ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் நீர் 20 கிலோ. நீர் நீங்கிய சரக்கு 80 கிலோ. அதை 17 சதவிகிதத்துக்கு உலர்த்தினால் எடை எவ்வளவு குறையும்? மூன்று கிலோ என்பது பலரது விடை. அது சரியன்று. 80 கிலோ என்பது இப்போது 83 பங்காக ஆகவேண்டும். ஆகவே மொத்த எடை 96.4 கிலோ. குறைவது 3.6 கிலோ. 18 சதவிகிதத்திலிருந்து 17-க்கு வந்தால் 100 கிலோவுக்கு 1.2 கிலோ குறையும். இதற்கு மேல் எவரேனும் ஈரத்துக்கென்று கழித்தால், எதற்காகக் கழிக்கிறார் என்று கேட்க அங்கத்தினருக்கு உரிமை உண்டு. இதற்குக் காகிதமும் பென்சிலும் போதும்.

நிலக்கடலைக்கு ஈரம் விலையை மட்டும் பொறுத்ததன்று, உடல்நலத்தையும் பொறுத்தது. காய் நன்கு உலராமல் மூட்டையில் அடைபட்டால் ஒருவகைப் பச்சைப் பூஞ்சை பிடிக்கும். அது அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சைச் சுரக்கும். அந்நஞ்சு வறுத்தாலும் முற்றிலும் போகாது, ஈரலைக் கெடுக்கும். ஏற்றுமதிச் சரக்கு துறைமுகத்திலிருந்து திருப்பப்படுவதற்கும் இதுவே முக்கிய காரணங்களில் ஒன்று. ஏறக்குறைய 8 சதவிகித ஈரத்துக்கு உலர்த்திச் சேமிப்பதே பாதுகாப்பு. காதில் வைத்துக் குலுக்கும் முறை ‘காய்ந்துவிட்டது’ என்பதைச் சொல்லும். எட்டா, பத்தா என்று சொல்லாது. நம் மாவட்டத்தின் மானாவாரி நிலங்களில் வேர்க்கடலையே பலருக்குக் கைப்பணம் ஆதலின், இந்த இரண்டு சதவிகித வேற்றுமையைப் பெரிதாகவே கருதவேண்டும்.

நெசவாளர் அங்கத்தினர் ‘இதில் நமக்கென்ன?’ என்று எண்ணலாகாது. நெல்லின் ஈரத்தைச் சொல்லும் அதே இரு தட்டுத் தத்துவத்தைக் கொண்டுதான் நூற்பாலைகளில் நூலின் சீர்மையையும் ஆராய்கிறார்கள். நூல் இரு சிறு தட்டுகளுக்கிடையே ஓடும். தடித்த இடம் வரும்போது தேங்கும் மின்னூட்டம் கூடும், மெலிந்த இடத்தில் குறையும். ஓடிய நீளமெங்கும் மேடுபள்ளம் வரைபடமாக வந்துவிடும். 1956-இல் கோவையில் தோன்றிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் போன்ற நிலையங்களில் இத்தகைய சோதனைகள் செய்து தருகிறார்கள். நூல் கொள்முதல் செய்யும் சங்கம், ‘நூல் சரியில்லை, பாவு அறுந்துகொண்டே இருக்கிறது’ என்று நெசவாளர் முறையிடும்போது, வாய்ச்சொல்லோடு நில்லாமல் ஒரு சோதனைத் தாளையும் இணைத்து ஆலைக்கு எழுதினால் மறுமொழி வேறு விதமாக இருக்கும்.

இழை அறுவதை அறிவதற்கென்றே விசைத்தறியில் ஓர் எளிய உணரி உண்டு. பாவின் ஒவ்வோர் இழையின் மீதும் மெல்லிய உலோகத் தகடொன்று தொங்கும். இழை அறுந்தால் தகடு கீழே விழும். விழுந்த தகடு இரு மின்முனைகளை இணைக்கும். தறி அக்கணமே நிற்கும். கைத்தறியில் அவ்வேலையை நெசவாளரின் கண்ணும், மிதியில் உணரும் காலும் செய்கின்றன. நாள் முழுதும் அக்கண் படும் பாட்டை நினைக்கையில், உலோகத் தகடு பெற்ற பேறு கைத்தறிக்கு ஏன் வாய்க்கவில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எடை காட்டும் கருவியைப் பற்றி நெசவாளர் சங்கங்களில் சற்று விரிவாகவே பேசவேண்டியிருக்கிறது. மின்னணுத் தராசின் உள்ளே ஓர் உலோகத் துண்டு உண்டு. பாரம் ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன்மேல் ஒட்டியுள்ள நுண்ணிய கம்பி சிறிதே நீளும். நீண்டு மெலிந்த கம்பியில் மின்தடை கூடும். அக்கூடுதலே எடையாகப் படிக்கப்படுகிறது. 1938-இல் அமெரிக்காவில் எட்வர்டு சிம்மன்ஸ், ஆர்தர் ரூகே ஆகிய இருவர் தனித்தனியே கண்டுபிடித்த ஏற்பாடு இது. இன்று நெல் மூட்டை நிறுக்கும் மேடையிலும், லாரி ஏறும் எடைமேடையிலும், பட்டு நிறுக்கும் சிறு தராசிலும் இதுவே வேலை செய்கிறது.

சங்கத்தில் பட்டும் ஜரிகையும் நிறுத்துக் கொடுக்கிறார்கள். நெய்த புடவையை நிறுத்து வாங்குகிறார்கள். கொடுத்ததற்கும் வந்ததற்கும் வித்தியாசம் கண்டால் நெசவாளரிடம் விளக்கம் கேட்கிறார்கள். பழைய தராசில் இரண்டொரு கிராம் தெரியவராது. புதிய தராசு கிராமின் சிறு பின்னத்தையும் காட்டுகிறது. இங்கேதான் ஒரு நுட்பம் மறைந்திருக்கிறது. பட்டு காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் இழை. வணிகத்தில் பட்டுக்கு 11 சதவிகிதமும் பருத்திக்கு 8.5 சதவிகிதமும் ஈரம் இருப்பதாக ஒப்புக்கொண்டு எடை கணக்கிடுவது உலக வழக்கம். முற்றிலும் உலர்ந்த நிலையில் ஒரு கிலோ உள்ள பட்டு, இக்கணக்குப்படி 1,110 கிராம். இதே பட்டு ஐப்பசி மழையில் வாங்கப்பட்டு, சித்திரை வெயிலில் ஈரம் 8 சதவிகிதமாகக் குறைந்த வேளையில் நிறுக்கப்பட்டால் 1,080 கிராமே நிற்கும். முப்பது கிராம் எங்கே போயிற்று? காற்றிலே போயிற்று. எவரும் எடுக்கவில்லை. நுட்பமான தராசு நுட்பமான அநியாயத்துக்கும் துணைபோகக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு மாற்று யாது? தராசின் அருகே காற்றின் ஈரம் காட்டும் சிறு கருவி ஒன்றை மாட்டி, கொடுக்கும் நாளிலும் வாங்கும் நாளிலும் அதன் எண்ணைப் பேரேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். கொடுத்த பட்டிலேயே ஒரு சிட்டத்தைச் சங்க அறையில் தொங்கவிட்டு, புடவை வரும் நாளில் அதையும் நிறுத்துப் பார்ப்பது இன்னும் எளிது. அச்சிட்டத்தின் எடை எவ்விகிதத்தில் குறைந்ததோ அவ்விகிதம் நெசவாளருக்கும் பொருந்தும். நெய்த புடவை சங்கத்துக்கு வந்தவுடனே நிறுக்காமல் அதே அறையில் சில மணி நேரம் விரித்துவைப்பதும் நலம்.

ஜரிகைக்கு வேறு வகை உணரி வந்துள்ளது. முன்னாளில் ஜரிகையை உரைத்தும் எரித்தும் பார்த்தார்கள். இன்று எக்ஸ் கதிர்களை ஜரிகைமீது பாய்ச்சுகிறார்கள். தங்கம், வெள்ளி, செம்பு ஆகிய ஒவ்வொன்றின் அணுவும் தனக்கே உரிய வலிமையுள்ள மறுகதிரை உமிழும். உணரி அவற்றைப் பிரித்து எண்ணும். புடவையில் ஒரு நூலும் சிதையாமல், சில நிமிடங்களில் விவரம் வந்துவிடும். காஞ்சிபுரம் பட்டுக்கு வகுக்கப்பட்ட ஜரிகையில் வெள்ளி 40, செம்பு 35.5, பட்டு 24, தங்கம் 0.5 சதவிகிதம் என்பது அளவு. அரை சதவிகிதத் தங்கத்தைக் கண்ணால் அறிய எந்த அனுபவசாலியாலும் இயலாது. போலி ஜரிகை நெசவாளரின் கையைக் கெடுப்பதில்லை. ஆனால் சங்கத்தின் பெயரைக் கெடுக்கும், பிறகு புடவை விற்காது, பிறகு பாவு கிடைக்காது. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டுக்கு இந்தச் சோதனை ஒரு கவசம். ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். இக்கதிர்கள் மேற்பரப்பைச் சார்ந்த பகுதியையே நன்கு காண்பவை. ஆகையால் ஒரே இடத்தில் பார்த்து முடிவு கட்டாமல், முந்தியிலும் கரையிலுமாகப் பல இடங்களில் பார்த்தல் வேண்டும்.

பால் சங்கங்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அங்கே கருவி ஏற்கெனவே வாடிக்கையாகிவிட்டது. மிதக்கவிட்டுப் பார்க்கும் பால்மானி அடர்த்தியை மட்டும் சொல்லும். கொழுப்பை எடுத்துவிட்டு நீரைச் சேர்த்தால் அதை ஏமாற்றிவிடலாம். மின்னணுப் பால்சோதனைக் கருவிகளில் ஒருவகை, பாலினூடே ஒளியைச் செலுத்திக் கொழுப்புத் துளிகள் அதைச் சிதறடிக்கும் அளவைப் பார்க்கிறது. மற்றொரு வகை, காதுக்கு எட்டாத ஒலியைச் செலுத்தி அது செல்லும் வேகத்தைப் பார்க்கிறது. எதுவாயினும் நாள்தோறும் கழுவாத கருவி பொய்யே சொல்லும். ஆரணி, களம்பூர்ப் பக்கத்து அரிசி ஆலைகளில் நிறம் பிரிக்கும் இயந்திரமும் உணரியின் திறமையே. கொட்டும் அரிசியை ஒளியுணரும் கண்கள் நோக்குகின்றன. கறுத்த மணி வந்தால் காற்றுக் குழல் ஒன்று அந்த ஒரு மணியை மட்டும் ஊதித் தள்ளிவிடுகிறது.

இனி நிலத்துக்கும் நீருக்கும் வருவோம். நம் மாவட்டம் பெரும்பாலும் பாறை நிலம். கிணற்றில் ஊறும் நீர் சிறிது. ஆழ்குழாயில் கிடைப்பது அதிர்ஷ்டம். இந்நிலையில் பயிர் கேட்குமுன் நீர் விடுவதும் நஷ்டம், கேட்ட பின்பும் விடாமல் இருப்பதும் நஷ்டம். மண்ணின் தாகத்தை அளக்கும் பழைய கருவி ஒன்று உண்டு. நீர் நிரப்பிய குழாயின் அடியில் நுண்துளைகள் கொண்ட பீங்கான் கிண்ணம். மேலே ஒரு வெற்றிடமானி. வேர் இருக்கும் ஆழத்தில் இதைப் புதைத்தால், உலர்ந்த மண் கிண்ணத்தின் வழியே நீரை உறிஞ்சும். எவ்வளவு வலிந்து உறிஞ்சுகிறது என்பதை மானி காட்டும். வேர் நீரை இழுக்க எவ்வளவு பாடுபடுகிறதோ அதையே இக்கருவி தானும் பட்டுச் சொல்லுகிறது. இதற்கு மின்சாரமே வேண்டாம் என்பது இதன் சிறப்பு.

1912-இல் நிறுவப்பட்ட கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தார், சாதாரண விவசாயியும் கையாளத்தக்க மண் ஈரங்காட்டி ஒன்றை வகுத்துள்ளார்கள். கம்பிகளை மண்ணிற் செருகினால் நிற விளக்குகள் எரியும். நீலம் என்றால் ஈரம் ஏராளம். பச்சை என்றால் போதும். ஆரஞ்சு என்றால் குறைவு. சிவப்பு என்றால் உடனே நீர் விடுக. எண்ணைப் படித்து அட்டவணை பார்க்கும் தொல்லை இல்லை. செய்யாறு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைப் பகுதியில் கரும்பு பயிரிடும் அங்கத்தினர், நாலைந்து பேராகச் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும். இதைத் தினமும் ஒரே வயலில் வைத்திருக்க வேண்டியதில்லை. மண்ணின் மின்கடத்தலைக் கொண்டு ஈரம் சொல்லும் எந்தக் கருவியும் உவர் நிலத்தில் தவறக்கூடும். உப்பு கரைந்த மண் மின்சாரத்தை எளிதிற் கடத்துமாதலின், வறண்ட வயலும் ஈரமானதுபோல் தோன்றும். உவர் உள்ளவர்கள் முதலில் மண்வெட்டியால் ஒரு சாண் தோண்டிக் கையால் பிடித்துப் பார்த்து, கருவியின் விளக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளட்டும்.

இதுவரை சொன்னவை விலையைப் பற்றியவை. உயிரைப் பற்றிய ஒன்றும் சொல்லவேண்டும். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் மாலை, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில், அண்ணாமலையார் மலையின் சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. எழுவர் மாண்டனர், அவர்களுள் ஐவர் குழந்தைகள். அவ்வாண்டு கார்த்திகைத் தீபத்தன்று பக்தர்களுக்கு மலையேற அனுமதி அளிக்கப்படவில்லை. மண் சரிவு நிகழ்ந்த அதே இரவில், தென்பெண்ணைக்கு நீர் தரும் பகுதியில், ஊத்தங்கரையில் ஐம்பது சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலையில் வினாடிக்கு 1,68,000 கன அடி வரை நீர் வெளியேற்றப்பட்டது. அணையின் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. அந்த வேகத்தில் ஓடினால் நிரம்பிய அணையே ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரத்தில் காலியாகிவிடும். விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றோரத்து வயல்களும் வீடுகளும் பட்ட பாட்டை நாடறியும்.

இத்தகைய இரவில் பயன்படுவது, எங்கோ ஒரு குன்றின்மீது நிற்கும் சிறு மழைமானி. அதன் உள்ளே ஏற்றக்கோல் போல் இரு சிறு கிண்ணங்கள் உண்டு. அரை மில்லிமீட்டர் அல்லது அதினும் குறைந்த மழை சேர்ந்தவுடன் ஒரு கிண்ணம் சாய்ந்து நீரைக் கொட்டும். மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்வும் காந்தத்தால் ஒரு மின்குறியாகி, கம்பியில்லாமல் தலைமையிடம் செல்லும். விடிந்தபின் பணியாளர் வந்து குடுவையைப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. நள்ளிரவில் மேலே எவ்வளவு பெய்கிறதென்று கீழே உள்ளவர் அறியலாம். மாநில அரசு 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 தானியங்கி வானிலை நிலையங்களையும் அமைக்கும் திட்டத்தை மேற்கொண்டது இதற்காகவே. ஆனால் இந்தக் கிண்ணத்தில் ஒரு பறவையின் எச்சம் விழுந்தாலும், ஒரு காய்ந்த இலை துளையை அடைத்தாலும், கருவி ‘மழையில்லை’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். மிகக் கடுமையான மழையில் கிண்ணம் சாயும் நேரத்துக்குள் நீர் வழிந்து, கணக்குக் குறைவதும் உண்டு.

மலைச்சரிவை முன்னறிவதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். கேரளத்தின் மூணாறில், அந்தோணியார் காலனி என்னுமிடத்தில், அமிர்தா பல்கலைக்கழகத்தார் மலையின் உடலிலேயே உணரிகளைப் புதைத்து வைத்தனர். மண்ணின் உட்புறத்தில் நீரழுத்தம் எவ்வளவு, சரிவு எத்தனை இம்மி சாய்கிறது, நிலம் எப்படி அதிர்கிறது என்பவை இடைவிடாது வந்துகொண்டிருக்கும். 2009-ஆம் ஆண்டு மழையின்போது அவ்வேற்பாட்டின் அடிப்படையில் எச்சரிக்கை விடப்பட்டது. மண் சரிவதற்கு முன் அதன் துளைகளில் நீரழுத்தம் ஏறும். மணல்மணிகள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் பிடி தளரும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மலை அசையாமல் நிற்பதுபோலவே இருக்கும். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கும் ஊருக்கு, சரிவின் அடியிலே ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்துவிட்ட ஊருக்கு, இத்தகைய ஏற்பாட்டைக் கேட்டு மனுச் செய்வது சங்கங்களின் வேலையன்று என்று எவரேனும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். அங்கே குடியிருப்பவரில் நம் அங்கத்தினரும் இருக்கிறார்கள்.

மீண்டும் கொள்முதல் மேசைக்கு வருகிறேன். நம்மால் உடனே செய்யக்கூடியவை அங்கேதான் உள்ளன. மின்னணுத் தராசை ஆண்டுக்கொருமுறை சட்டமுறை எடையளவுத் துறையினரிடம் சரிபார்த்து முத்திரை பெறவேண்டும் என்பது விதி. முத்திரையின் தேதியை அங்கத்தினர் கண்ணிற்படும்படி எழுதி மாட்டலாம். மீட்டரின் எண்பலகை பணியாளர் பக்கம் மட்டும் திரும்பியிருத்தல் ஆகாது. ஒரே மாதிரியை மூன்று முறை புதிதாக நிரப்பிப் பார்த்துச் சராசரி எடுப்பது ஐந்து நிமிட வேலை. வெயிலில் கிடந்த சூட்டோடு நெல்லைக் கிண்ணத்தில் போடாமல், நிழலில் சிறிது ஆறவிட்டுப் பார்த்தல் நன்று. சூடும் மின்குணத்தை மாற்றும். குவியலின் மேற்புறத்தில் மட்டும் அள்ளாமல், நடுவிலும் அடியிலும் அள்ளிக் கலந்து மாதிரி எடுக்கவேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, மீட்டரையே சோதிக்கும் வழி ஒன்று உண்டு. அது மீட்டரைவிடப் பழையது, மீட்டரைவிட நம்பத்தக்கது. நெல்லைப் பொடித்து, துல்லியமாக நிறுத்து, நூறு பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் மின்வெப்பப் பெட்டியில் எடை மேலும் குறையாத வரை உலர்த்தி, மறுபடி நிறுப்பது. போன எடையே ஈரம். இதில் அட்டவணை இல்லை, மின்குணம் இல்லை. நீர் போயிற்று, எடை குறைந்தது, அவ்வளவே. சாத்தனூருக்கு அருகே வாழவச்சனூரிலுள்ள வேளாண்மைக் கல்லூரி போன்ற இடத்தைச் சங்கம் அணுகி, அறுவடை தொடங்குமுன் நம் பக்கத்து நெல்லிலும் வேர்க்கடலையிலும் சில மாதிரிகளை இம்முறையில் சோதித்துத் தரும்படி கேட்கலாம். ஈரம் தெரிந்த அந்த மாதிரிகளைக் காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, மெழுகிட்டு, எண்ணை மேலே எழுதிச் சங்க அலமாரியில் வைத்துக்கொண்டால், கொள்முதல் நடைபெறும் நாட்களில் காலையில் மீட்டரைத் திறந்தவுடன் முதற்கிண்ணம் அப்புட்டியிலிருந்தே போகட்டும். புட்டியில் எழுதிய எண்ணுக்கும் மீட்டர் காட்டும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றைய பேரேட்டின் தலைப்பிலே, வரிசையில் முதலில் நிற்கும் விவசாயியின் முன்னிலையில், அவர் கையொப்பத்துடன் எழுதிவிட்டு அதன் பிறகு முதல் மூட்டையை அவிழ்க்கலாம்.